பாலத்துப் பதக்கமும் என் தம்பி அடெலினோவும்

என் தம்பி அடெலினோ இறந்து மூன்று மாதம் கழித்து, போர்ட்டோவிலிருந்து பதக்கம் சேர்ப்போர் சங்கத்தார் தங்கள் பத்திரிகையை அனுப்பினார்கள். அவனைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, பேத்திதான் வாசித்துக் காட்டினாள். ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் கொடுத்தது, நாலாயிரம் நினைவுப் பதக்கம் சேர்த்தது, டூரோ ஆற்றங்கரை ஊர்களின் பதக்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியது, அந்தப் புத்தகத்தில் நடந்த ஒரு தப்பைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டது, எல்லாம் இருந்தது. நான் இல்லை. நான் இல்லாமல் அந்தத் தப்பு நடந்திருக்காது. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன், பேத்தி எழுதிக்கொள்கிறாள், அதே பத்திரிகைக்கு அனுப்பப் போகிறோம்.

எங்கள் அப்பா பலகைக்கல் குழியில் வேலை செய்தவர். ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது, அடெலினோவை அனுப்பினார். எனக்கு அதில் வருத்தம் இல்லை, இருந்தாலும் இப்போது சொல்லி என்ன. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தையல்காரி வந்து பார்த்தாள். மூன்று அறை நிறைய இழுப்பறைகள் இருப்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னை இதுல எந்த இழுப்பறையில வைப்பீங்க?" என்று கேட்டாள். அவன் சிரிக்காமல் யோசிக்க ஆரம்பித்தான். அவள் போய்விட்டாள்.

எங்கள் நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு பதக்கம் அடிப்பார்கள். தீயணைப்புத் தொண்டர் படைக்கு ஐம்பது வயது ஆனால் ஒன்று, வங்கி திறந்தால் ஒன்று, பங்குச் சாமியார் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனால் ஒன்று. உள்ளங்கை அகலத்துக்கு வெண்கலத்தில் இருக்கும். வாங்கியவர்கள் ஒரு வாரம் அலமாரியில் வைப்பார்கள், பிறகு அது கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போகும். அடெலினோ டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தபடி அதையெல்லாம் கேட்டு வாங்கினான். ஒவ்வொன்றையும் நிறுப்பான், மூன்று முறை அளப்பான், மெல்லிய சிகரெட் தாளை மேலே விரித்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பான். யார் அடித்தது, எந்தப் பட்டறை, எத்தனை அடித்தார்கள் என்று கடிதம் மேல் கடிதம் எழுதுவான். நான் ஒரு நாள் ஏதோ ஒன்றைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும் என்று சொன்னதற்கு, "சுமார்னு ஒரு அளவு கிடையாது அக்கா" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும். நானும் சொன்னேன்.

அவன் எல்லாவற்றையும் விட ஆசைப்பட்டது எங்கள் இரும்புப் பாலத்தின் பதக்கத்துக்கு. 1888இல் பாலம் திறந்தபோது அதில் பன்னிரண்டே பன்னிரண்டு அடித்தார்கள். பதினொன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மீதி ஒன்று எங்கள் ஊர் ஃபெலிஸ்மினா வீட்டில் இருந்தது. அவள் புருஷனின் தாத்தா குஸ்டோடியோ படகோட்டி. பாலம் கட்டும்போது சாரம் சரிந்து ஆற்றில் விழுந்த நாலு பேரை இழுத்துப் போட்டவர். அவர் பேரைப் பதக்கத்தின் விளிம்பில் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். வேறு எந்தக் காகிதத்திலும் அவர் பேர் இல்லை.

1961இல் ஃபெலிஸ்மினா விதவையானாள். அந்த வருஷம்தான் அடெலினோ போய்ப் புத்தகத்துக்காக மூன்று வாரம் இரவல் கேட்டான். அவள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மூன்று வாரமும் நான்தான் அதைத் தூசி துடைத்தேன். விளிம்பு புதிதாக வெட்டிய பலகைக்கல் போல விரலைப் பிடிக்கும். பிறகு ஒரு காலையில் அதே துணிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, ஃபெலிஸ்மினாவிடம் சேர்த்துவிடச் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஊர்த் துவைதொட்டி வரை போய்விட்டேன். அங்கே பொட்டலத்துக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. விளிம்பு பாதி கரைந்த சோப்புக்கட்டி போல வழவழத்தது. பேர் வெட்டிய இடம் நெளிந்து கிடந்தது. இது அது இல்லை. பிளாஸ்டரில் அச்சு எடுத்து, கொண்டோமாரில் ஏதோ ஒரு பட்டறையில் வார்த்து, கருக்கவைத்துக் கொண்டு வந்திருக்கிறான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் இது வேறு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

திரும்பி வந்திருக்கலாம். தொட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் இதைப் பொத்தான் டப்பாவில்தானே போட்டு வைக்கப்போகிறாள், இவனிடம் இருந்தால் பத்திரமாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்க் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு மடி அத்திப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

நிஜப் பதக்கம் எங்கள் வீட்டின் கடைசி இழுப்பறையில் இருபத்தேழு வருஷம் இருந்தது. அவன் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எடுத்துப் பார்ப்பான். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவேன். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புத்தகம் வெளிவந்தது. பாலத்துப் பதக்கத்துக்கு அறுபது மில்லிமீட்டர் என்று நிஜத்தின் அளவைத்தான் அதில் போட்டான். திருட முடிந்தவனுக்கு அளவைத் தப்பாகப் போட மட்டும் கை வரவில்லை.

1988இல் பாலத்துக்கு நூறு வயது. நகரசபை ஒரு கல் நடுவதென்று தீர்மானித்து, அதில் குஸ்டோடியோவின் பேரை முதலில் வெட்டப் போவதாகச் சொன்னது. ஃபெலிஸ்மினாவின் மகன் ஸெஃபெரினோ முடிவெட்டுகிறவன், தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவில் எக்காளமும் ஊதுவான். அவன் பதக்கத்தைப் பளபளக்கும் பெட்டியில் வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தான். லிஸ்பனிலிருந்து வந்திருந்த நிபுணர் என் தம்பியின் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அதை அளந்தார். ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. புத்தகத்து அறுபதை என் தம்பி பட்டறையின் பழைய கணக்கிலிருந்து எடுத்திருப்பான் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

நிஜப் பதக்கம் அச்சில் வைத்து அடித்தது. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகையால் வார்ப்பு நகல் எப்போதும் நிஜத்தை விடச் சின்னதாக இருக்கும். இதையும் என் தம்பி புத்தகத்தில் எழுதியிருந்தான். நிபுணர் எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, சென்யோர் அடெலினோ. இது அடிச்சதா, வார்த்ததா?" என்று கேட்டார்.

"வார்த்தது" என்றான் என் தம்பி.

கல்லில் வெட்டும் பேர்களிலிருந்து குஸ்டோடியோவின் பேரை எடுத்துவிடத் தீர்மானம் ஆயிற்று. ஆதாரமே போலி என்றால் மனிதரும் போலிதானே என்று ஊர் நினைத்தது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களே ஸெஃபெரினோவைக் கேட்டார்கள்: "உங்க கொள்ளுத்தாத்தா அந்த நாலு பேரைக் காப்பாத்தினாரா, இல்ல அவங்களையும் வார்த்து எடுத்தாரா?" அவன் எக்காளம் ஊதப் போவதை நிறுத்தினான்.

ஒரு வியாழக்கிழமை ஃபெலிஸ்மினா சோள ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். மேசையில் ரொட்டியை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"சென்யோர் அடெலினோ, நீங்க படிச்சவங்க. எம் புருஷன் வீட்டுக்காரங்க என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்களா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். நான் செத்து அவரைப் பார்க்கிறப்போ கேக்கணும்."

என் தம்பி ஜன்னலைப் பார்த்தான். "அது வார்ப்புதான், தோனா ஃபெலிஸ்மினா" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அதை நாங்கள் இருவரும் தொடவில்லை.

நான் போய்க் கடைசி இழுப்பறையைத் திறந்து நிஜப் பதக்கத்தை எடுத்து வந்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். திங்கட்கிழமை அவர் பேர் இல்லாமலே கல்லில் உளி வைக்கப் போகிறார்கள் என்றேன்.

"அக்கா, புத்தகம் போயிடும். நான் எழுதின ஒரு வரியைக்கூட இனி ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"போகட்டும்."

"நாப்பது வருஷ உழைப்பு அக்கா."

"நீ எடுத்துட்டுப் போறவரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு எரியாது."

இரண்டு நாள் எரியவில்லை. நான் பிடிவாதக்காரி என்பது ஊருக்கே தெரியும். அந்த இரண்டு நாளில் அவனை அவமானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவனைக் குற்றவாளியாக்கி வைத்தால் எனக்கு நிற்க ஒரு சுத்தமான இடம் கிடைத்தது.

சனிக்கிழமை ஸெஃபெரினோவின் கடை நிறைய ஆள் இருக்கும்போது போனான். நான் வாசலில் நின்றேன். ஸெஃபெரினோ ஒருவர் கன்னத்தில் சவரம் செய்துகொண்டிருந்தான். அடெலினோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தானே மாற்றினதாகவும், இருபத்தேழு வருஷம் தன்னிடமே இருந்ததாகவும், குஸ்டோடியோவின் பேர் உண்மை என்றும் சொன்னான். வருஷத்தையும் மாதத்தையும்கூடச் சரியாகச் சொன்னான்.

ஸெஃபெரினோ பாதிச் சவரத்தை முழுசாக முடித்தான். கத்தியைத் துடைத்து வைத்தான். பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பில் இருந்த பேரைச் சத்தமாக வாசித்தான்.

"நிபுணர்கிட்ட நானே கொண்டுபோய்க் காட்டுறேன். நீங்க கிளம்புங்க" என்றான். "இனிமே இங்க உங்களுக்கு முடி வெட்டுறதில்லை."

கல்லில் குஸ்டோடியோவின் பேர் முதலில் வந்தது. என் தம்பி தன் செலவில் ஒரு சின்னத் தாள் அச்சடித்து, புத்தகம் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் அனுப்பினான். இந்தப் பதக்கத்தின் நகலைச் செய்து உரிமையாளரை ஏமாற்றியவன் இந்த நூலாசிரியன் என்று அதில் இருந்தது. சங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் பல வருஷம் நின்றுபோயின. சாகும்வரை ஆறு வருஷம் அவனுக்கு நான்தான் கோணல்மாணலாக முடி வெட்டிவிட்டேன். கடைசி வரை அளந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தான், யாருக்கும் அனுப்பவில்லை.

அந்தத் தாளில் என் பேரைப் போடச் சொன்னேன். "நீ வெறும் பொட்டலம் கொண்டுபோனவ, அக்கா" என்று மறுத்துவிட்டான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா, கடைசி வரை நான் கேட்கவில்லை.

ஃபெலிஸ்மினா கேட்டாள். திருவிழா முடிந்த மறு வாரம் துவைதொட்டியடியில், துணியைப் பிழிந்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு நீதானே கொண்டுவந்து குடுத்தே, எர்மெலிந்தா. உனக்குத் தெரியுமா?"

"எழுத்தே தெரியாதவளுக்கு என்ன தெரியும், ஃபெலிஸ்மினா" என்றேன்.

அவள் ஈரக்கையால் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். நமக்கு என்ன தெரியும், நம்மை என்ன சொல்லி வளர்த்தார்கள் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எனக்கு அத்திப்பழம் அனுப்புகிறாள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. இது அச்சில் வந்ததும் ஸெஃபெரினோ உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். எனக்குத் தெரியும், ஃபெலிஸ்மினா. உன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.