குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கொடைக்கானல் போனது

மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு திருப்பூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில் எங்களுக்கு வேலை இல்லை. பொங்கலூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடி வந்தோம்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். என் வீட்டுக்காரி செக்கிங்கில் இருந்தாள். இரண்டு பேரும் வேலையிலிருந்து நின்றுவிட்டோம்.

குடி வந்த வாரமே அவள் கேட்டாள்.

"ஏனுங்க, கொடைக்கானல் போலாமுங்களா? நாம ரெண்டு பேருஞ் சேந்து வெளியூர்ல தங்குனதே இல்லை."

உண்மைதான். லைன் வீட்டில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பிடிக்க ஆள் வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ, அவள் போனால் நான் இருப்பேன், நான் போனால் அவள் இருப்பாள். குழாயைத் திறந்து, அடியில் காலி டிரம்மை வைத்துவிட்டுப் படுப்போம். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு முழிப்பு வரும். பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுக்க இப்படித்தான்.

புது வீட்டில் குழாய் உள்ளேயே இருக்கிறது, சமையல்கட்டை ஒட்டித் துணி துவைக்கிற இடத்தில். அங்கே வழிகிற தண்ணீர் சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே பள்ளம். பள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஷெட். அந்த வீட்டுப் பெண் கம்பெனியிலிருந்து தைத்த பனியன்களை வாங்கி வந்து பிசிறு நூல் வெட்டிக் கொடுக்கிறாள். நாங்கள் குடி வந்த அன்றே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"அண்ணா, தண்ணிய மட்டும் பாத்து விடுங்க. பீசெல்லாம் கீழதான் கெடக்குது."

அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

கிளம்புகிற அன்று காலையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். குண்டடம் தாண்டியதும் கடலை மிட்டாயைப் பிரித்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காலையில் வெளியே வருவதற்கு முன் குழாயைத் திருகியிருந்தேன். மூடவில்லை, திறந்தேன். டிரம்மைக் காலால் அடியில் தள்ளினேன். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது.

இங்கேயும் வீதி வீதியாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள்; வந்து பல நாள் ஆகியிருந்தது. இன்று கட்டாயம் வரும். டிரம் நிறைந்தால் மிச்சமெல்லாம் பள்ளத்துக்குத்தான். வெள்ளைப் பனியனில் செம்மண் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கறை போகாது. கம்பெனி எடுக்காது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த லோடு கொடுக்கமாட்டார்கள்.

அவள் நீட்டிய மிட்டாயை நான் வாங்கவில்லை. தாராபுரம் வந்தது.

"மூஞ்சி ஏனுங்க இப்படிப் போச்சு? மலையே இன்னும் வருல, அதுக்குள்ள வாந்தியா?"

சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"தொறந்தா வெச்சுட்டு வந்தீங்க?"

"பழக்கம்."

"நல்ல பழக்கம் போங்க. எறங்குங்க மொதல்ல."

இறங்கினோம். பஸ் போய்விட்டது. திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிடலாம். எங்களுக்கு வீட்டை விற்றவருக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பரை வாங்கினேன். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ சாமி! மேல் வீதில விட்டுட்டாங்ளே. அடுத்தது நம்ம வீதிதானுங்ண்ணா. நேத்து வந்த லோடு பூராப் பிரிச்சுக் கொட்டிக் கெடக்குது. நா ஒருத்தி எத்தனையத்தான் அள்ளுவேன்? சாவி எங்கீங்க?"

"என்கிட்ட."

வீட்டுக்குள் மூட்டை முடிச்சைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பீரோவில் என் வீட்டுக்காரியின் நகை இருந்தது. அந்தப் பெண் நல்லவளா இல்லையா, எங்களுக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு, சுத்தி இருக்குதா?"

"இருக்குதுங்க்கா."

"பூட்டை ஒடச்சுரு. உள்ள போயிக் குழாய அடை."

"யாராச்சும் பாத்தா என்னையத் திருடிம்பாங்ளே."

"போன வெக்காத. கேக்கறவங்ககிட்டக் குடு, நாம் பேசிக்கறேன்."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் இரண்டு பேரும் போனில் காதை வைத்து நின்றோம். இரும்பில் அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு கதவுச் சத்தம்.

"அடச்சாச்சுங்க்கா. தண்ணி இன்னும் வருல. எங்கூட்டுப் பூட்டப் போட்டுப் பூட்டி வெக்கறேன்."

என் வீட்டுக்காரி போனை வைத்தாள். நான் திருப்பூர் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.

"எங்க பாக்கறீங்க?"

"போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாம் புள்ள. சாவி அந்தப் புள்ளகிட்ட இருக்குது."

"அப்ப நீங்க போங்க. நா கொடைக்கானல் போறேன். ஒருத்தர் போனா ஒருத்தர் இருக்கோணுமல்ல, அதான நம்மூட்டு வழக்கம்?"

பழனி பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். ஓடிப் போய் ஏறினேன்.

மலை ஏறுகிற வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு அவள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஏரியில் படகு ஏறினோம். பாதி நேரம் எனக்கு வீட்டு நினைப்புத்தான். மீதி நேரம் இல்லை.