குவிரினோவுக்கு ஒரு சொட்டும் கிடையாது

கிளீவ்லண்ட் நகரத்து இத்தாலியக் குடியிருப்பான மர்ரே ஹில்லில், குவிரினோ திராபாசோவிடம் போச்சிப் பந்தாட்டத்தில் தோற்காமல் செத்தவர்கள் குறைவு. செத்த பிறகு அவருடைய உளியால் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. இந்த இரண்டையும் அவர் தானாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறொன்றை, அதையும் புகாராகத்தான்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து கிளப் மேசையில் உட்கார்ந்தால், பதினோரு வருடமாக அவருக்கு ஒரு சொட்டு பீர் கிடைத்ததில்லை.

அது அங்கே வழக்கம். ஆடிய எட்டுப் பேரும் பங்கு போட்டு பீர் கூஜாக்களை வாங்கி நடுவில் வைத்துவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். பெரிய சீட்டு வந்தவன் அன்றைக்கு முதலாளி, அடுத்தவன் காரியஸ்தன். யாருக்கு ஊற்றலாம் என்று முதலாளி கேட்பான். காரியஸ்தன் தலையாட்டினால்தான் தம்ளர் நிறையும். கடைசிவரை ஒருவன் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்குப் பெயர் மரம். மோசமாக ஆடியவனை யாரும் மரமாக்குவதில்லை. அவன் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறான், குடித்துவிட்டுப் போகட்டும். களத்தில் அன்று யாருடைய கொழுப்பு தாங்க முடியவில்லையோ அவனுக்குத்தான் அந்த மரியாதை. களத்தில் கிடக்கும் குட்டிப் பந்துக்கு யாருடைய பந்து மிகக் கிட்டத்தில் நிற்கிறதோ அவருக்குத்தான் புள்ளி. குவிரினோ கையை ஓங்கி எறிந்தால், எதிராளியின் பந்து ஓரப் பலகையில் போய் முட்டும். அது இருந்த இடத்தில் இவருடைய பந்து உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு யார் ஊற்றுவார்கள்?

அறுபத்தொன்றாம் வருடம் குளிர்காலத்தில் அவருடைய வலது தோளில் கத்தி வைத்தார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மே மாதம் களம் திறந்த அன்றே குவிரினோ தூக்கினார். பந்து பலகையைத் தாண்டிப் போய், அப்போதுதான் நட்டிருந்த தக்காளி நாற்றுகளுக்கு நடுவே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று முதலாளிச் சீட்டு ஃபெருச்சோவுக்கு வந்தது. இறைச்சிக் கடைக்காரர், நாற்பது வயது, அதில் பாதியை குவிரினோவிடம் தோற்றே கழித்தவர்.

"பெருசுக்கு ஊத்தலாமா?" என்று கேட்டார். கேலியே இல்லாமல் கேட்டார். அதுதான் கோளாறு.

"ஊத்து, ஊத்து," என்றார் காரியஸ்தர் ஒத்தாவியோ. அவர் குவிரினோவின் அணிக்காரர், பால்யத் தோழர், இளகிய மனசு.

முதலாளி ஊற்றியதைத் தொடாமல் விட்டால் அவமதிப்பு. குவிரினோ குடித்தார்.

வீட்டில் அவருடைய மனைவி எர்சீலியா அவரைக் கடந்து போனவள் நின்று திரும்பினாள்.

"என்னய்யா, பீர் வாசம் வருது? யாரு குடுத்தது?"

"ஃபெருச்சோ."

"அவ்வளவு கேவலமாவா ஆடுனே?"

புருஷன் குடித்துவிட்டு வந்தானென்று அழுத பெண்கள் அந்தத் தெருவில் பலர் உண்டு. ஒரே ஒரு தம்ளருக்காகக் கலங்கிப் போனவள் அவள் மட்டும்தான்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் தம்ளர் தவறாமல் வந்தது. ஜூன் கடைசியில் முதல் தம்ளரே அவருக்கு என்றாகிவிட்டது. பாதிரியாருக்குக் கூட அவ்வளவு சீக்கிரம் ஊற்ற மாட்டார்கள். எர்சீலியா பொறுக்க முடியாமல் ஒத்தாவியோவின் மனைவியிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஜூலையில் ஒரு நாள் முதலாளியான ஒத்தாவியோ, மூன்று கூஜா காலியாகியும் குவிரினோ பக்கம் திரும்பவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னிக்கு உனக்குக் கிடையாது மச்சான்," என்றார். மற்றவர்கள் எல்லாரும் ஏககாலத்தில் தட்டிலிருந்த ஆலிவ் காய்களை ஆராய ஆரம்பித்தார்கள்.

குவிரினோவுக்குக் காது சூடாகிவிட்டது. "ஏன்டா கிடையாது? இன்னிக்கு நான் போட்ட பந்துல ஒண்ணாவது குட்டிப் பந்துக்குப் பக்கத்துல போச்சா? எல்லாம் அடுத்த தெருவுல நின்னுச்சு. ஊத்துடா!"

ஊற்றினார்கள். ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். தானமாகக் கிடைக்கும் தாகம் அவருக்கு வேண்டாம்.

பந்தை உருட்டி ஆடுகிறவர்களை அவர் வாழ்நாள் முழுக்க 'வீடு பெருக்குகிறவர்கள்' என்றுதான் சொல்லி வந்தார். வேடிக்கை என்னவென்றால், கல்பட்டறையில் அவரைப் போல் பொறுமைசாலி கிடையாது. மயிரிழை கூடுதலாகப் போனால் செத்தவருடைய பெயர் கெட்டுவிடும் என்று நாற்பது வருடம் உளியை அடக்கிப் பிடித்தவர். களத்துக்கு வந்தால் மட்டும் இடிக்கத்தான் தெரியும். அந்தக் கோடையில் தினமும் காலை ஆறு மணிக்குக் காலிக் களத்தில் அவர் தனியாக வீடு பெருக்கினார். இடது பலகையின் நடுப்பகுதியில் பந்து மெல்லப் பட்டால் எவ்வளவு திரும்பும், ஈரத்தில் எவ்வளவு, காய்ந்த பிறகு எவ்வளவு என்று எழுத்து வெட்டுகிற நிதானத்தோடு பார்த்தார். முதல் இரண்டு வாரம் தனக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் வெட்கப்பட மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். தேரும் பேண்டும் தெருவைச் சுற்றி வருவதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். பதினொன்றுக்குப் பதினொன்று, இன்னும் ஒரு புள்ளி. ஃபெருச்சோவின் பந்து குட்டிப் பந்துக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. அதற்கு முன்னால் காவலுக்கு இன்னொரு பந்து. மிச்சமிருந்தது குவிரினோ கையிலிருந்த கடைசிப் பந்து.

"இடிச்சுப் பாருங்க பெருசு," என்றார் ஃபெருச்சோ. "தக்காளி நல்லாப் பழுத்திருக்கு."

குவிரினோ குனிந்து உருட்டினார்.

"வேகம் பத்தல! ஐயோ, வேகம் பத்தல மச்சான்!" ஒத்தாவியோ இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினார்.

பந்து அவசரமே இல்லாமல் இடது பலகையில் பட்டுத் திரும்பி, காவல் பந்துக்குப் பின்னால் சுற்றி வந்து, குட்டிப் பந்தின் மேல் சாய்ந்து நின்றது.

"அளக்கணும்," என்றார் ஃபெருச்சோ.

"ஒட்டிக்கிட்டு நிக்கிறதை எதை வச்சுடா அளப்பே?"

ஃபெருச்சோ குனிந்து ஒரு தடவை பார்த்தார், மண்டியிட்டு மறுபடி பார்த்தார். எழுந்தபோது கழுத்துவரை சிவந்திருந்தார்.

அன்று சீட்டில் முதலாளி ஒத்தாவியோ, காரியஸ்தர் ஃபெருச்சோ.

"ஜெயிச்சவருக்கு ஒரு தம்ளர் ஊத்துவோமா?" என்றார் ஒத்தாவியோ.

"யாருக்கு, இந்த ஆளுக்கா?" ஃபெருச்சோ மேசையில் அடித்த அடியில் கூஜா குலுங்கியது. "மூணு மாசமா தோள் வலி, தோள் வலின்னு நம்ம பீரைக் குடிச்சிருக்காரு. பாம்பு மாதிரி பலகையோரமா வந்து கொத்துறாரு. இவருக்கு ஒரு சொட்டு ஊத்துனாலும் நான் எழுந்து போயிடுவேன்!"

அதில் துளியும் நடிப்பு இல்லை. கூஜாக்கள் குவிரினோவைக் கடந்து கடந்து போயின. வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் கூஜாவும் தீர்ந்தபோது முழங்காலில் ஏதோ குளிர்ந்தது. ஒத்தாவியோ தன்னுடைய தம்ளரில் பாதியை மிச்சம் வைத்து, மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபெருச்சோ!" என்று குவிரினோ போட்ட சத்தத்தில் தெருவில் தேருக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உன் முதலாளி எனக்குத் திருட்டுத்தனமா பீர் குடுக்குறான். நீ என்ன காரியஸ்தன்யா? வந்து பிடுங்கு!"

ஃபெருச்சோ எழுந்து வந்து பிடுங்கி, அவர் முகத்துக்கு நேராக நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவிரினோ கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.