கத்திரி வெயிலில் நின்ற மெஷின்

சிதம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில் சோலார் தகடுகளைப் பொருத்திய அன்று, நான் மேலே போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. என் மனைவி கீழே டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டவளுக்கு வாரம் இரண்டு முறை அந்த மெஷின்தான் இரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுகிறது. முன்பெல்லாம் இதற்குக் கடலூர் வரை பஸ்ஸில் போய் வந்தோம். திரும்பும்போது அவள் தலை என் தோளில் துவண்டு கிடக்கும். சிதம்பரத்திலேயே மெஷின் வந்ததும், எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் போய்விடலாம் என்றானது. கரண்ட் போவது ஒன்றுதான் பயம். அதற்கும் சூரியபகவானே இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். காலையில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து இரண்டு கையாலும் தண்ணீர் விட்டுச் சூரியனைக் கும்பிடாமல் ஒருநாளும் மில்லைத் திறந்ததில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் நெற்றியில் திருநீறு பூசினேன்.

"என்னாங்க, தகட்டுக்கும் பூசை போட்டாச்சா?" என்றாள்.

"இனிமே கரண்ட் போனா நமக்கு என்னா? மேல அவரு இருக்காரு."

"அவரு ராத்திரியானா தூங்கப் போயிடுவாரே."

"உனக்குப் பகல்லதான போடுறாங்க?"

அவளிடம் நான் பேச்சில் ஜெயித்தது அன்று ஒருநாள்தான்.

கொஞ்ச நாளில் ஜெனரேட்டர் அறையைப் பூட்டிவிட்டார்கள். சோலார் வந்த பிறகு டீசலுக்கு எதற்குச் செலவு என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கத்திரி தொடங்கியிருந்தது. உச்சிவேளை. வெளியே ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். அவள் பாதி டயாலிசிஸில் இருந்தபோது ஃபேன் நின்றது. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் நின்றது. அதற்குள் இருந்த பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்ததாம். நான் பதறவில்லை. இதோ சோலார் எடுத்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தபடி நின்றேன். கும்பிடக்கூடச் செய்தேன்.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னாப்பா மேல பாத்துக்கினு நிக்கிறீங்க? சோலாரெல்லாம் வராது! மெஷினுக்குப் பின்னாடி கைப்பிடி இருக்கும், எடுங்க!"

மெஷினின் பம்புச் சக்கரத்தில் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றினால் இரத்தம் உடம்புக்குத் திரும்பும். ஆனால் எங்கள் மெஷினில் கைப்பிடி இல்லை. அடுத்த கட்டிலில் ஒருவர் தன் தம்பிக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் அந்தத் தம்பியின் இரத்தம் நின்றுவிடும். நர்ஸ் அலமாரி அலமாரியாகத் தேடினாள்.

மில்லில் கரண்ட் போனால் மாவு கல்லுக்குள் நிற்கும், வந்தால் மறுபடி ஓடும். இரத்தம் அப்படி நிற்காது. குழாய்க்குள் அது கறுத்துக்கொண்டே வருவதை என் மனைவியும் நானும் பார்த்தோம். கைப்பிடி கிடைத்து நான் சுற்றியபோது சக்கரம் நகர்ந்தது, இரத்தம் நகரவில்லை.

"போதும்ப்பா. கட்டிப்போச்சு. இனிமே உள்ள விட்டா உசுருக்கே ஆபத்து," என்றாள் நர்ஸ்.

குழாயும் வடிகட்டியும் இரத்தத்தோடு குப்பைப் பைக்குள் போயின. அவளுக்கு ஏற்கெனவே இரத்தம் கம்மி. முருங்கைக்கீரையும் ஊசியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருந்தோம்.

மேனேஜர் அறைக்குப் போய், சோலார் இருந்தும் மெஷின் ஏன் நின்றது என்று கேட்டேன். கத்தவெல்லாம் இல்லை. அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இது கரண்ட் பில்லைக் குறைக்க வெச்சதுங்க. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் ஓடும். லைன் போச்சுன்னா தானா நின்னுடும். இல்லேன்னா கம்பத்துல வேலை செய்யிறவரு மேல பாய்ஞ்சிடும். தனியா ஓடணும்னா பேட்டரி வெக்கணும், செலவு ஜாஸ்தி."

"அப்போ ஜெனரேட்டரை ஏன் சார் பூட்டுனீங்க?"

அவர் மேஜையைப் பார்த்தார். "பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப ஒங்க சாமியும் கரண்டு ஆபீசுல உத்தரவு கேட்டுட்டுதான் வேலை செய்வாரா?" என்றாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு, "அடுத்த வாட்டி என்னைக் கூட்டியாராதீங்க" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

கூட்டிக்கொண்டுதான் போகிறேன். போகாவிட்டால் மூச்சு முட்டுகிறது. கடலூரில் விட்ட இடம் மறுபடி கிடைக்கவில்லை. ஜெனரேட்டர் அறையில் இன்னமும் பூட்டுத் தொங்குகிறது. மொட்டைமாடியில் தகடுகள் பளபளவென்று மின்னுகின்றன.

சூரியனைக் கும்பிடுவதை விடவில்லை. அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், வாங்கி வைக்கத்தான் இங்கே ஆளில்லை. ஆஸ்பத்திரி மாடியை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போனதும் மெஷினுக்குப் பின்னால் கைவிட்டுக் கைப்பிடியை எடுத்து, திருநீற்றுச் சம்புடம் இருக்கும் என் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். நர்ஸுக்குத் தெரியும். என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருப்பாள், ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் திறந்து என் பையைப் பார்ப்பாள்.