இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெயர் மாஸ்டர். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டால் அன்று அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். இத்தனை திட்டு வாங்கியும் எல்லாரும் எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். பாதியில் விட்டது ஒரே ஒருத்தி, அவருடைய மனைவி.

ஒரு திருப்பத்தில் எதிரே லாரி வரவும், அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாஸ்டர், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து நிறுத்தினார். "தூங்குறதுக்கு வீட்ல கட்டில் இருக்கு, இறங்கு!" என்று நடுரோட்டில் கத்தினார். அதோடு அவள் ஓட்டுநர் இருக்கைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மாஸ்டரின் பிறந்தநாளுக்கு மச்சினன் கார் பந்தயத் தடத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் பதிவு செய்து கொடுத்தான். "மாமா, நீங்க போனா அங்க இருக்கறவங்களுக்கே பாடம் எடுத்துட்டு வருவீங்க" என்று ஏற்றிவிட்டான். மாஸ்டர் ஏறிக்கொண்டார். மனைவியையும் கையோடு அழைத்துப் போனார்.

"வந்து பாரு, வண்டி எப்படி ஓட்டணும்னு."

பயிற்சியாளர், மகள் வயதுப் பெண். முதல் சுற்றை அவள் ஓட்டிக் காட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். திருப்பம் நெருங்கியும் வேகம் குறைகிற வழியாக இல்லை. மாஸ்டரின் கால் தானாகப் போய் ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் தரைதான் இருந்தது. அடுத்த திருப்பத்திலும் 'டம்' என்று ஒரு மிதி.

"சார், உங்க பக்கம் பிரேக் கிடையாது."

"தெரியும்மா. கால் மரத்துப்போச்சு, அதான்."

பொய் சொன்ன முகத்தை ஹெல்மெட் மறைத்ததே, அதுவரைக்கும் நல்லது.

பிறகு அவர் முறை. "நேர்ல போகும்போதே பிரேக்க நல்லா அழுத்திடுங்க. திருப்பத்துக்கு நடுவுல மட்டும் மிதிச்சிராதீங்க" என்றாள். இதையெல்லாம் நமக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போனார். திருப்பத்துக்கு நடுவில் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றது. மாஸ்டர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது வண்டி புல்லில், வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே பார்வையாளர் வரிசையில் அவருடைய மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். என்னென்ன வார்த்தை வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"அடி எதுவும் படலியே?" என்றாள் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர். "பயந்தா கை விட்டுரும் சார், கண்ணும் மூடிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கங்க, மறுபடி போலாம்."

காது மடல் வரைக்கும் சுட்டது மாஸ்டருக்கு. இந்த நாலு வார்த்தையை அன்றைக்கு நடுரோட்டில் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சொல்லத் தோன்றவில்லை. சிரிக்கத்தான் தோன்றியது, இத்தனை வருஷமாக.

"சரிங்க மேடம்" என்றார்.

மிச்சப் பயிற்சியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு வந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ண மூடிட்டேன். சிரிச்சுக்க."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? பயமாதான இருக்கும்."

அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார்.

திரும்பும்போது, பயிற்சிப் பள்ளி வண்டியில் அவள் வழக்கம்போலக் கால்களை மடக்கி இருக்கைக்கடியில் ஒடுக்கிக்கொண்டாள். அவள் உட்காருகிற தினுசே அதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அந்தப் பக்கம் பிரேக் இருக்கிறது. 'கால் கீல் பட்டுச்சுன்னா தெரியும் சேதி' என்று எப்போதோ அவர் சொன்னதுதான்.

"கால நீட்டி உக்காரு."

"பிரேக்ல படுமே."

"படட்டும். நான் தப்பு பண்ணா மிதி."

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். வண்டி கேட்டைத் தாண்டவில்லை, குலுங்கி நின்றுவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"இப்ப பண்ணல" என்றாள்.

மாஸ்டர் அவள் காலை எடுக்கும்வரை காத்திருந்தார்.