தபித்தா அந்த வீட்டில் கண்டது

அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னோடு கோழித் தொழிற்சாலையில் வேலைசெய்பவர்களை ஏற்றிக்கொண்டு மெல்பேர்னுக்கு வெளியே த பேசினில் உள்ள பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்தேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் காருக்குப் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். சிட்னியிலிருந்து ரெஜினா அன்ரியின் மகள் மெலனி அழைத்தாள். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அன்று தமிழில் தொடங்கினாள். "அண்ணா, அம்மா..." என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. அது வேலை நாள். வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறான் என்று சொல்லும் இடத்தில் நான் வேலை செய்கிறேன். விசாவும் இன்னும் கையில் இல்லை. அந்தக் கோபமும் இந்த அஞ்சலியில் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரை மன்னாரில் பிரசவம் பார்த்த மிட்வைஃப் ஆகத் தெரியும். சிலருக்கு, படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்ட கர்ப்பிணிகளைத் தன் பழைய காரில் வெஸ்ட்மீட் மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கியவராகத் தெரியும். மிச்சப் பேருக்கு அவர் துப்பறியும் கதை எழுதுகிறவர். மூன்று நாவல்கள். மூன்றும் நடப்பது அமெரிக்கா புதிதாய் நாடான காலத்தில், பனி மூடிய ஓர் ஆற்றங்கரை ஊரில். துப்புத் துலக்குகிறவள் தபித்தா என்ற மருத்துவிச்சி. குதிரையில் வீடு வீடாய்ப் போவாள், பிள்ளை பிறக்கும், அந்த வீட்டில் யாரோ செத்தும் கிடப்பார்கள்.

நான் படகில் வந்து, முகாமிலிருந்து வெளியே வந்து சிட்னியில் இருந்த புதிதில் அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கணினியில் தட்டச்சு செய்யப் போனேன். நானும் கதை எழுதுகிறவன். முதல் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, எங்கள் சனம் கடலில் சாகும்போது உங்களுக்கு எதற்கு வெள்ளைக்காரிகளின் பாவாடையும் மெழுகுதிரியும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, மன்னாரில வைச்சு எழுதினா, ஆர் அந்தப் பொம்பிளை எண்டு தேடுவினம். அமெரிக்காவில வைச்சு எழுதினா, ஆர் கொலைகாரன் எண்டு தேடுவினம். எனக்கு ரெண்டாவது வேணும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை இரண்டாவது நாவலின் வெளியீட்டு விழாவில் பார்த்தேன். அந்த நாவலில், தங்கையின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும், பொய்மயிர்த் தொப்பி போட்ட ஊர் நீதிபதி ஒருவன் வருவான். கேள்வி நேரத்தில், கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் எழும்பினார். இது தன் அண்ணரைப் பற்றியது, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். அன்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கட அண்ணை பொய்மயிர்த் தொப்பி போடுறவரோ?"

"இல்லை. ஆனா அந்தக் காணி விசயம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பெரியவர் கதிரையில் இருந்தார்; போகும்போது இரண்டு பிரதி வாங்கிக்கொண்டும் போனார்.

அந்தக் காலத்து வழக்கங்களை அவர் பரமட்டா நூலகத்திலிருந்து எடுத்த வரலாற்றுப் புத்தகங்களில் தேடிப் படித்தார். ஒன்றை அடிக்கடி சொல்வார். கலியாணமாகாதவளுக்குப் பிள்ளை பிறக்கும்போது, வலி உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து மருத்துவிச்சி தகப்பன் பெயரைக் கேட்பாளாம். அப்போது சொன்ன பெயரை வழக்கு மன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுமாம். "கொடுமைதான். எண்டாலும் அவளின்ரை சொல்லை நம்பினவங்கள்" என்றார் அன்ரி. இங்கேயோ, படகில் இருந்து இறங்கிய அன்று வாந்தியோடு சொன்னதையும், ஒரு வருடம் கழித்துச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துவரவில்லை, நீ பொய்காரி என்று குடிவரவு அதிகாரிகள் எங்கள் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் தபித்தாவின் வழக்கு மன்றத்தை எழுதியபோது எந்த மேசையை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். பனிக்கும் பாவாடைக்கும் அடியில் அவர் எழுதியது இதைத்தான்.

துப்பறியும் கதைக்கு அவரிடம் ஒரே ஒரு விதிதான். "தடயத்தை வாசிக்கிறவைக்கு முன்னால வைக்கவேணும். ஒளிச்சு வைச்சு எழுதினா அது களவு." அந்த விதியைத் தவறவிட்ட எழுத்தாளர்களை அவர் நோய்ப் படுக்கையிலும் திட்டினார்.

அவருடைய மூன்றாவது நாவலைப் படித்தவர்கள் இப்போது முகம் சுளிப்பீர்கள். ஆற்றில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். புருஷனோடு கோபித்து ஓடிப்போனவள், பனி உடைந்து விழுந்துவிட்டாள் என்கிறது ஊர். ஒன்பதாம் அத்தியாயத்தில் தபித்தா அவளுடைய வீட்டுக்குள் போகிறாள். சுற்றிப் பார்க்கிறாள். வெளியே வரும்போது, அவள் ஓடவில்லை, அவள் அடைத்து வைக்கப்பட்டிருந்தவள் என்று தபித்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி? சொல்லப்படவில்லை. ஆசிரியர் களைத்துவிட்டார், நோய் எழுத்தில் தெரிகிறது என்று மெல்பேர்ன் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். அன்ரி அதைப் படித்தார். மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். பதில் எழுதவில்லை.

கையெழுத்துப் பிரதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தடயம் இருந்தது. நானே அதைத் தட்டச்சு செய்தேன். நான் வாசித்த துப்பறியும் கதை எதிலும் அப்படி ஒன்றைக் காணவில்லை. வீட்டுக்குள் அடைபட்ட ஒருத்தி, தான் அடைபட்டிருக்கிறாள் என்பதற்குத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சாட்சி அது. மிகச் சின்னது. முழு நாவலும் அதிலிருந்துதான் முளைத்திருந்தது.

அச்சுக்குப் போகுமுன் தன் வீட்டுக்கு வரும் பெண்களுக்கு அன்ரி அத்தியாயங்களை வாசித்துக் காட்டுவது வழக்கம். மரக்கறி வெட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கேட்பார்கள். கொலைகாரன் யார் என்று பந்தயம் பிடிப்பார்கள். ஒன்பதாம் அத்தியாயம் வாசித்த அன்று ஒரு பெண் இடையில் எழுந்து குசினிக்குப் போய், கழுவியிருந்த கோப்பைகளையே திரும்பக் கழுவினாள். எல்லோரும் போனபிறகு வந்து நின்றாள். நான் கணினியை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அன்ரி, அதை எடுத்துவிடுங்கோ. வீட்டில அவர் வாசிக்கமாட்டார். அவரின்ரை தாய் உங்கட புத்தகம் ஒண்டும் வாசிக்காம விடமாட்டா."

எப்போதோ மருத்துவமனைக்குப் போகும் வழியில், காருக்குள் அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதாம் அது. அன்ரியின் மனதில் அது தங்கி, தபித்தாவின் ஊருக்குப் போய்விட்டது. "இருநூறு வருசத்துப் பனியைக் கொட்டியும் தன்ரை வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாள்" என்று மட்டும் அன்ரி சொன்னார்.

நான் சண்டை பிடித்தேன். அவளை அடைத்து வைத்த புருஷன் கோவில் கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கிறான். ஹெலன்ஸ்பர்க் கோவில் தேருக்கு வடம் பிடிக்கிறான். அவள் ஏன் ஒளியவேண்டும், நாவல் ஏன் ஒளியவேண்டும் என்று கத்தினேன். அன்ரி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"உமக்குக் கோபம் வந்தா நீர் எழுதும். அவள் இரவைக்கு அந்த வீட்டுக்குத்தான் போகவேணும். விசாக் கேஸ் அவன்ரை பேரில. இவள் அதுக்குள்ள ஒரு வரி."

தபித்தாவின் காலத்தில் கலியாணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனியாக ஓர் ஆள் என்ற கணக்கே இல்லை என்று அன்ரிதான் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு கணினியைத் திரும்பத் திறந்தேன். ஆனாலும் அவர் முடிவோடு நான் ஒத்துப்போனேன் என்று நினைக்கவேண்டாம். இன்றைக்கும் இல்லை. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க இப்போது ஆள் இல்லை.

வேறு தடயம் வைத்துப் பார்த்தோம். மெழுகு, சாம்பல், கிழிந்த துணி. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில், எடுத்த இடத்தை அப்படியே வெறுமையாக விடச் சொன்னார். உங்கள் விதி என்ன ஆகிறது என்று கேட்டேன். "என்னை மோசமான எழுத்தாளர் எண்டு சொல்லட்டும். அவளை ஒண்டும் சொல்லக்கூடாது" என்றார். பக்கத்தில் இருந்து, நான் அந்த வரிகளை அழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அழித்து முடித்ததும், தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டார்.

இதை எழுதுமுன் அந்தப் பெண்ணோடு பேசினேன். அவள் இப்போது எங்கே, யாரோடு என்று சொல்லமாட்டேன். ஒரு தடயம் இருந்தது, அது எடுக்கப்பட்டது என்று மட்டும் எழுதலாமா என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஓம், எழுதுங்கோ. அன்ரி களைச்சுப்போனா எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. ஆர் எண்டு தேடுவினம். தேடட்டும், அமெரிக்காவில தேடட்டும்."

அன்ரி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை ஒருமுறை கேட்கவேண்டும் போல இருக்கிறது. வெஸ்ட்மீட்டில் அவர் வீட்டுக் குசினி மேசையில், முன்னால் கணினியை வைத்துக்கொண்டு, நீங்கள் செய்தது பிழை அன்ரி என்று இன்னொருமுறை சொல்லவேண்டும். அவர் கோப்பையை என் பக்கம் தள்ளவேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அழித்த அந்த வரிகள்தான். எழுத்துப் பிசகாமல் மனதில் இருக்கின்றன. தொழிற்சாலையில், ரயிலில், கோவில் முன்வரிசை மனிதர்களின் படங்களை விழாமலரில் பார்க்கும்போது, அவை நாக்கு நுனிவரை வருகின்றன. தபித்தா அந்த வீட்டில் எதைக் கண்டாள் என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். மூன்றாவது நாவலை எடுத்து ஒன்பதாம் அத்தியாயத்தை இன்னொருமுறை வாசியுங்கள் என்பேன். அதற்கு மேல் என்னிடமிருந்து வராது.