மேடில்லாத அடுப்பு

நண்பகல் வெளிச்சத்தில் எரிவாயு அடுப்பின் சுடர் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. நல்ல பார்வை உடையவர்களுக்கே அப்படியென்றால் என் அக்காவுக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை நோய் அவளுடைய பார்வையின் நடுப்பகுதியைச் சில ஆண்டுகளாகத் தின்று வந்தது. கதவு இருப்பது தெரியும். தாழ்ப்பாள் இருக்குமிடம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், அடுப்பு எரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்தபோது முந்தானை பற்றிக்கொண்டது.

நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"ஏடி, என்னமோ கருகுது. சோறு அடிப்பிடிக்குதா பாரு."

கருகியது சோறன்று, அவள் உடுத்தியிருந்த சின்னாளப்பட்டிப் பருத்திச் சேலை. உள்ளே ஓடி, குடிநீர்க் குடத்தை அப்படியே தூக்கி அவள்மேல் கவிழ்த்தேன். இடக்கையில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் சிவந்ததோடு போயிற்று. நனைந்து நின்றவள் முதலில் கேட்டது இதுதான்:

"அம்புட்டுத் தண்ணியையுமா ஊத்துன? இனி என்னைக்கு வருமோ!"

அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து அவளுடைய மகன் தொலைபேசியில் பேசினான். நான் மறைத்திருக்கலாம், மறைக்கும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை.

"சித்தி, போதும். அம்மாவ நான் கூட்டிட்டு வந்துர்றேன். இங்க சமைக்க ஆள் இருக்கு. அவங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

அக்கா கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உக்கார வைக்கத்தேன் கூப்பிடுறியாக்கும்? நான் என்ன கொலு பொம்மையா? எவளோ ஆக்கிப் போடுறதத் தின்னுட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு மின்னடுப்பு வைப்பது. அடுத்த மாதம் அவன் வந்து பார்ப்பான்; அம்மாவால் அதில் சமைக்க முடிகிறது என்றால் பேச்சில்லை; முடியவில்லை என்றால் வந்த காரிலேயே அவளை அழைத்துச் செல்வான்.

நான் வத்தலக்குண்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள். மணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் இறந்தபின் அக்கா என்னோடு வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே அடுக்களையைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் பேருந்தில் நின்று நின்று, திண்டுக்கல் வந்து இறங்கும்போது என் முழங்கால்கள் என்னுடையவையாக இரா. வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் உள்ளிருந்து, "செத்த உக்காரு, காப்பி கொண்டாரேன்" என்று குரல் வரும். அந்தக் குரலை நம்பியே நான் ஒவ்வொரு நாளும் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆகவே, அவள் போய்விடுவாளோ என்ற அச்சத்தில் பாதி அவளுக்காக, மறுபாதி எனக்காக. இதை ஒளிப்பதில் பயனில்லை.

சனிக்கிழமை மாலை மேற்கு ரத வீதியில் ஒரு கடைக்குப் போனோம். அக்கா ஒயர்க்கூடையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்: ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, அலுமினியக் குண்டான், பித்தளை உருளி, பணியாரக் கல், இரும்புத் தோசைக்கல். புதுச் செருப்புக்குக் காலைக் கொண்டுபோவதுபோல, புது அடுப்புக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோகவேண்டும் என்பது அவளுடைய நியாயம். கடைப்பணியாளர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்ன பெரியம்மா, வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டீகளா?"

"அடுப்பக் குடுத்துட்டுக் கேலி பண்ணப்பா."

அவர் ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்தார். ஒட்டினால்தான் இந்த அடுப்பில் சூடேறுமாம். ஈயச் சொம்பில் வழுக்கியது. குண்டானில் வழுக்கியது. உருளியிலும் நிற்கவில்லை. தோசைக்கல்லில் மட்டும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பணியாரக் கல்லிலும் ஒட்டியது. ஆனால் அடிப்பக்கம் தட்டையாக இல்லாததால் அது ஆகாது என்றார்.

"பெரியம்மா, உங்க சீதனத்துல பாதிக்கு மேல ஒட்டலையே!"

"என் வீட்டுக்காரரும் அப்படித்தேன், ஆரம்பத்துல ஒட்டவே இல்ல. பெறகு சரியாப் போச்சு. நீ அடுப்பக் காட்டு."

இரண்டு அடுப்புகள் எங்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்றில் அழுத்தும் பொத்தான்கள் இருந்தன. தடித்து, ஓரங்கள் எழுந்து, கொஞ்சம் அவலட்சணமாகவும் இருந்தன. மற்றது முழுவதும் கறுத்த கண்ணாடி. விரலால் தொட்டாலே போதும். அக்கா முதல் அடுப்பின்மேல் விரலை ஓட்டினாள். பின்பு இரண்டாவதன்மேல்.

"இதுல மேடு இருக்கு" என்றாள், பொத்தான் வைத்த அடுப்பைத் தொட்டு. "அதுல ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னது அவ்வளவே. எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். ஆனால் என் கண் பொத்தான்களின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடுக்குகளில் மாவும் எண்ணெயும் போய் அடையும், அக்காவுக்கு அழுக்குத் தெரியாது, துடைக்கப்போவது நான். கண்ணாடி என்றால் ஈரத்துணியால் ஓர் இழுப்பு, வேலை முடிந்தது. நாள் முழுதும் உழைத்த உடம்பு தனக்கு எளிதானதைத் தேர்ந்துவிட்டு, அதற்கு நல்ல காரணங்களையும் கண்டுபிடித்துக்கொள்கிறது. கண்ணாடி அடுப்பையே கட்டித் தரச் சொன்னேன். அக்கா தன் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள். காந்தம் ஒட்டும் புதுப் பாத்திரங்கள் நான்கும் வாங்கிக்கொண்டு வந்தோம். ஈயச் சொம்பு வந்தவழியே கூடையில் திரும்பியது.

நல்ல நாளென்று வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து காலையில் பால் காய்ச்சினோம். புது அடுப்பில் முதலில் பால் பொங்கவேண்டும். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழியவும் வேண்டும். எந்த அடுப்புக்கும் எங்கள் வீட்டில் செய்யும் முறை அது. அக்கா கைகூப்பி நின்றாள். பால் பொங்கியது, வழிந்தது, கண்ணாடிமேல் தங்குதடையின்றி ஓடித் தொடுவிசைகளை நனைத்தது. உடனே அடுப்பு கீச்சுகீச்சென்று கத்தி, ஏதோ எழுத்தைக் காட்டி, அணைந்துபோயிற்று.

"பொங்குச்சா?"

"பொங்குச்சுக்கா."

"அப்ப ஏன் கத்துது?"

நான் துடைத்துக்கொண்டே, ஈரம் பட்டால் அது அப்படித்தான் என்றேன்.

"பாலு பொங்குனா அணைஞ்சுபோற அடுப்ப இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அதன்பின் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அவள் முயலாமல் இல்லை. விரலால் கண்ணாடியைத் துழாவுவாள். துழாவும்போதே ஏதோ ஒரு விசை பட்டுச் சூடு ஏறும், அல்லது நேரங்குறிக்கும் எண் ஓடத் தொடங்கும், அல்லது அனைத்தும் பூட்டிக்கொள்ளும். "இதுவா? இதுவா?" என்று கேட்பாள். நான் அருகில் இருக்கும்வரை விரலைப் பிடித்து வைப்பேன். நான் பேருந்தில் இருக்கும்போது யார் வைப்பது? ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது, ஊறவைத்த அரிசி ஊறியபடியே இருந்தது. அவள் இரண்டு வாழைப்பழங்களோடு பகலைக் கழித்திருந்தாள். சர்க்கரை நோய்க்காரி. எனக்குக் கோபம் வந்தது. அக்கோபம் யார்மேல் என்பது எனக்குத் தெரியும். ஊறிய அரிசியைக் களைந்து உலையில் இட்டேன்.

மறுநாள் முதல் விடியுமுன் எழுந்து நானே சமைத்துவைத்துவிட்டுப் போனேன். சோறு, ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம். எழுவது, நறுக்குவது, தாளிப்பது, ஓடுவது, மாலையில் வந்து மறுபடி அடுக்களையில் நிற்பது. செருப்பைக் கழற்றினால் உள்ளிருந்து குரல் வருவது நின்றுபோயிற்று. அக்கா முன்னறை நாற்காலியிலேயே இருந்தாள். "நாளைக்கு என்ன வெஞ்சனம் வைக்க?" என்று என்னிடம் கேட்டவள் இப்போது, நான் கேட்டாலும், "என்னத்தையாவது வையி" என்றாள். கோயம்புத்தூருக்குப் போகாமலே அவள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மகன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருந்தன.

பொத்தான் வைத்த அடுப்பைக் கேட்டு ஒருநாள் அதே கடைக்குத் தனியே போனேன். அது விற்றுப்போயிருந்தது. அதுபோன்றவை இப்போது அதிகம் வருவதில்லை என்றும், எல்லாரும் கண்ணாடியையே கேட்கிறார்கள் என்றும் அந்தப் பணியாளர் சொன்னார். அந்த எல்லாரில் நானும் ஒருத்தி.

அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்திருந்தேன்; காய்ச்சல். படுத்துக்கிடந்த எனக்கு அடுக்களையிலிருந்து கீச்சொலி கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், அக்கா அடுப்பைக் கழுவித் துடைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அடுப்புக்கு இடுவதுபோல, குழைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் வரிசையாக இட்டிருந்தாள். இடம் தெரியாமல் ஒரு பொட்டு தொடக்க விசைமேலேயே விழுந்திருந்தது. அந்த ஈரத்தை விரலென்று எண்ணிக்கொண்டு அடுப்பு தானே உயிர்பெறுவதும் அணைவதுமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, அதுல ஈரம் படக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது!"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் விலகி நின்றாள். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, துடைக்கத் தெம்பில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிற்பகலில் எழுந்தபோது அவள் அடுப்பின்முன் நின்று ஒரே இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் காய்ந்து பொருக்காகியிருந்தது.

"ஏடி, இங்க ஒண்ணு தட்டுப்படுதே, இது எந்த எடம்?"

"அதுதான்க்கா போடுற எடம்."

"போடுற எடமா?" மறுபடியும் தடவினாள். விரலை எடுத்துத் தொலைவில் வைத்து, கண்ணாடியின்மேல் நடத்தி, அதே பொருக்கைத் தானாகவே வந்தடைந்தாள். பின்பு குளியலறைக்குப் போனாள். அங்கே முகம்பார்க்கும் கண்ணாடியின் விளிம்பில் நான் கழற்றி ஒட்டிய ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக இருக்கும். துடைக்கும்போதெல்லாம் எடுக்க எண்ணி எடுக்காமல் விட்டவை. அவற்றை நகத்தால் பெயர்த்துக் கொண்டுவந்தாள்.

"ஒட்டு."

"பசை போயிருக்கும்க்கா. இந்தப் பொட்டு வழுவழுன்னு வேற இருக்கு."

"அப்பக் கல்லு வச்ச பொட்டா வாங்கிட்டு வா. என்னைய அப்படிப் பாக்காத. நான் வச்சுக்கவா கேக்குறேன்? அதுக்கு."

அத்தான் இறந்த நாளிலிருந்து அவள் நெற்றியில் திருநீறு மட்டுமே. கல் வைத்த பொட்டுகளை வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தின் எதிரில் ஒரு வளையல் கடையில் வாங்கினேன். விசையின்மேல் ஒட்டினால் தொடுகை சரியாகப் படாது என்பது இரண்டு முறை தவறியபின் விளங்கியது. ஒவ்வொரு விசைக்கும் மேலே ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினோம். தொடங்குவதற்கு ஒற்றைக் கல். சூட்டைக் கூட்ட மூன்று கல். குறைப்பதற்குக் கல்லில்லாத நீளப்பொட்டு. அவள் கல்லைத் தடவி, விரலைக் கீழே சறுக்கித் தொடுவாள். 'கீ' என்று ஒலி வரும். எத்தனை ஒலி என்று எண்ணிச் சூட்டைக் கணித்துக்கொண்டாள். முதலில் வெந்நீர். அடுத்து உப்புமா. நான்காம் நாள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளிருந்து மூன்று கீச்சொலிகளும், அவற்றின்பின் "செத்த உக்காரு" என்பதும் கேட்டன. உட்கார்ந்தேன். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். நீராவியில் பசை இளகும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பொட்டுகள் நழுவும்; நான் மறுபடி ஒட்டவேண்டும். கல்லின் இடுக்கில் மாவு அடையும். எதற்கு அஞ்சி மேட்டை மறுத்தேனோ, அதையே இப்போது பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் வந்தான். காரை வாசலில் நிறுத்திவிட்டு நேரே அடுக்களைக்கு வந்து, கைகட்டி நின்று, அம்மா சமைப்பதை முழுதும் பார்த்தான். அவள் அவனைப் பொருட்படுத்தவே இல்லை. கல்லைத் தொட்டாள், எண்ணினாள், பருப்பை இறக்கினாள், ரசத்தைக் கூட்டினாள், கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

"அடுப்புக்கு யாரும்மா பொட்டு வச்சது?"

"ஏன், நல்லா இல்லையா? உன் பொண்டாட்டியவிட லட்சணமாத்தேன் இருக்கு."

அவன் சிரித்துவிட்டான்.

மூவரும் உண்ண அமர்ந்தோம். ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டாம் கவளத்தை வாயில் வைத்தபோது கடைவாயில் ஏதோ 'நறுக்'கென்றது. நாவால் புரட்டினேன். மெல்லிய தகடு, அதன்மேல் மேடுகள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் எனக்கு நேர் எதிரே இருந்தான். தண்ணீர் குடிப்பதுபோலக் குனிந்து அதை விரலில் எடுத்து, இலையோரம் ஒதுக்கியிருந்த கறிவேப்பிலைக்கு அடியில் தள்ளினேன்.

"ரசம் பழைய ருசியாவே இருக்கும்மா" என்றான் அவன்.

"ஈயச் சொம்பு இல்லாம என்ன ருசி? சும்மா சொல்லாத" என்றாள் அவள்.

மாலையில் கார் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. "தீபாவளிக்கு வாரேன் சித்தி, பாத்துக்கங்க" என்றான். நான் அடுக்களைக்கு வந்தேன். அக்கா கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடையில என்னடி பட்டுச்சு? மெல்லுறத நிறுத்துனியே."

"கறிவேப்பிலைக்கா."

"நீ என்னைக்குக் கறிவேப்பிலைய வாயில வச்ச?"

அவள் விரல் வெற்றிடத்தில் நின்றது.

"கூட்டுறதக் காணோம். மல்லித்தழை கிள்ளையில கையில ஒட்டியிருக்கும்." அந்த இடத்தையே மறுபடி தடவினாள். "அவன் வாயில பட்டிருந்தா?"

"படலையே."

"ம்."

அட்டையிலிருந்து புதிய பொட்டு ஒன்றைப் பெயர்த்து அவள் விரலைப் பிடித்து இடம் பார்த்து ஒட்டினேன். அவள் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

"இனிமே மல்லிய நீ கிள்ளிப் போட்டுட்டுப் போ" என்றாள். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."