வெர்லா எரித்த அட்டை

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பால்பண்ணைகள் சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு வாரியத்தில் வெர்லா பதினோரு வருடமாக எழுத்தர். வாரியம் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். தபால் நிலைய மாடியில் ஒரு அறை, ஒரு தட்டச்சுப்பொறி, அவ்வளவுதான். வியட்நாமுக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிப்பவர்கள் தீவனக்கடை ஓர்வில் போன்ற உள்ளூர்க்காரர்கள். ஞாயிறு தோறும் சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்.

ஓர்வில்லின் மகன் வெண்டெல் இதே வாரியத்தில் தானே பெயர் கொடுத்துப் போர்முனைக்குப் போய் நான்கு மாதம். வெர்லாவின் மகன் டேரல் கல்லூரி மாணவன் என்பதால் விலக்கு பெற்றிருந்தான். ஒரே தட்டில் தின்று வளர்ந்த இருவரும் இப்போது கடிதம்கூடப் போட்டுக்கொள்வதில்லை.

அறுபத்தேழு அக்டோபரில் ஒரு காலை, வெர்லா வாரியத் தபாலைப் பிரித்தாள். டேரலின் ராணுவப் பதிவு அட்டை! கூடவே அவன் கையெழுத்தில், "இந்தப் போர் எனக்கு வேண்டாம்." அட்டையைத் திருப்பி அனுப்பினால் விலக்கு போய்விடும், அடுத்த பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான். இரண்டு பையன்களை அவளே அப்படி எழுதி அனுப்பியிருக்கிறாள். அழுதுகொண்டு வந்த அம்மாக்களிடம், "பிள்ளைய ஒழுங்கா வளர்த்திருக்கணும்" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

அட்டை அவள் கைப்பைக்குள் போனது. மதியம் வீட்டு அடுப்பில் சாம்பலானது.

சாப்பாட்டு மேசையில் டேரல் கேட்டான். "என் கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. எரிச்சுட்டேன்."

"அம்மா! நான் திருப்பித்தான் அனுப்பினேன். எரிச்சா அஞ்சு வருஷம் ஜெயில்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே?" அவன் சிரித்துவிட்டான்.

"வாய மூடிட்டுச் சாப்பிடு. இத்தோட முடிஞ்சுது."

திங்கட்கிழமை டேரல் அவள் மேசை முன்னால் வந்து நின்றான். ஓர்வில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் அட்டை தொலைஞ்சு போச்சு. வேற ஒண்ணு வேணும்."

கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதுதான் விதி. பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அந்த அப்பாவித் தாய்க்கு மனசு துள்ளியது. பிறந்த தேதிக்குக் கோப்பைப் பார்க்காமலே தட்டச்சு செய்து நீட்டினாள்.

டேரல் வாங்கினான். இரண்டாகக் கிழித்து அவள் முன்னால் வைத்தான்.

"இத ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றான் மெதுவாக. "ஓர்வில் மாமா பாத்துட்டாரு."

வெர்லா அவன் விலக்கை ரத்து செய்யும் படிவத்தை எடுத்து எந்திரத்தில் செருகப் பார்த்தாள். தாள் உள்ளே போகவில்லை.

"வெண்டெலோட உத்தரவ அடிச்சப்போ உன் கை நடுங்கலியே, வெர்லா" என்றார் ஓர்வில்.